அறுபது சேலை, ஒரு பில் தாள்: படம் எடுக்க ஆள் தேடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கல்லூரி விழா, கம்பெனி ஆண்டு விழா, ஜவுளிக்கடை விளம்பரம், தொண்டு நிறுவன அறிக்கை, பத்திரிகைக் கட்டுரை என்று எதற்காவது "நல்லா போட்டோ எடுக்கிற பிள்ளை யாராச்சும் இருக்கா?" என்று விசாரிக்கிற எல்லோருக்கும் இந்த மடல். குறிப்பாக, இதுவரை இந்தத் தொழிலில் ஒரு ரூபாய்கூட வாங்காத புதுக் கையைக் கூப்பிடப் போகிறவர்களுக்கு.

நான் மதுரையில் சில வருடங்களாகப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். போன வாரம் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். கேமராப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கீழே வைக்கவே இல்லை. "அக்கா, ஒரு கம்பெனில கூப்பிட்டிருக்காங்க. காலைல ஒம்பது மணிலருந்து ராத்திரி வரைக்கும் நிகழ்ச்சி. காசு இப்போதைக்கு இல்லையாம். ஆனா படத்துல என் பேரு போடுவாங்களாம். இதை நல்லாப் பண்ணினா அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொன்னாங்க. போகட்டுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. போகாதே என்று சொன்னால் அவளுக்கு வந்த முதல் அழைப்பை நானே தட்டிவிட்டதாகிவிடும். போ என்றால் நான் பட்டதை அவளும் படுவாள். அப்புறம்தான் தோன்றியது, அவளுடைய கேள்வி உங்களிடம் வர வேண்டிய கேள்வி என்று. அதனால் எழுதுகிறேன்.

எனக்கும் அப்படி இரண்டு வருடம் போனது. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, தோழியின் அக்கா வளைகாப்பு, பக்கத்துத் தெரு பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகம். அதெல்லாம் பழகுவதற்காக நானே விரும்பிப் போனவை, அவற்றில் எனக்கு வருத்தம் கிடையாது. சாப்பாடு போட்டார்கள், அன்பாக நடத்தினார்கள். வருத்தம் ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவில்தான். "எல்லாத்தையும் எடும்மா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. எதற்காக எடுக்கிறேன், எத்தனை வேண்டும், யார் முகம் கட்டாயம் வர வேண்டும், எதுவும் தெரியாது. எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அன்றைக்கு 2,300 படம் எடுத்தேன். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகும் "இன்னும் கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டும்", "மேடைக்குப் பின்னாடி இருக்கிற பேனரை எடுத்துடுங்க" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த ஜனவரியில் எங்கள் தெருமுனை டீக்கடையில், பால் சட்டிக்கு மேலே ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. அந்த நிறுவனத்தின் காலண்டர். பன்னிரண்டு பக்கத்தில் ஏழு பக்கம் நான் எடுத்த படம். அச்சகத்தின் பெயர் இருந்தது, வடிவமைத்தவர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. ஒரு பிரதி கேட்டுப் போன் செய்தேன், தீர்ந்துவிட்டது என்றார்கள். டீக்கடைக்காரரிடம் வருடம் முடிந்ததும் எனக்குக் கொடுங்கள் என்று சொல்லி வைத்து, டிசம்பரில் வாங்கி வந்தேன். பால் பட்டுக் கறை படிந்த அந்தக் காலண்டரை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்றைக்குப் பணம் கிடைக்காததைவிட, நான் செய்தது வேலைதானா என்ற சந்தேகம்தான் என்னை அதிகம் வாட்டியது. வேலை என்றால் அதற்கு ஓர் அளவு இருக்கும். இத்தனை மணிக்கு முடியும், இதைக் கொடுத்தால் போதும் என்று இருக்கும். காசில்லாமல் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த அளவைச் சொல்வதில்லை. காசு கொடுப்பதாக இருந்தால் எத்தனை படம் வேண்டும் என்று அவர்களே உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்.

எனக்கு முதல் கூலி கிடைத்த கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

2016 ஆடி மாதம். விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு சுங்குடிச் சேலை (முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சேலை) கடைக்கு அம்மாவோடு போயிருந்தேன். கடைக்காரப் பெரியவர் ஒவ்வொரு சேலையாக விரித்து, செல்போனில் படம் எடுத்து, வெளியூர் வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய கட்டு. என்ன என்று அம்மா கேட்டார். திரும்பி வந்த சரக்காம். "அரக்கு கலர்னு அனுப்புறேன். அவங்க போன்ல ரத்தச் சிவப்பாத் தெரியுது. சேலை போய்ச் சேர்ந்ததும் இது அது இல்லைன்னு திருப்பி விடுறாங்க" என்றார். மேலே பார்த்தேன். நாலு டியூப்லைட், நாலும் நாலு வயது. ஒன்று நீலம் அடித்தது, ஒன்று மஞ்சளாகக் கிடந்தது. பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு படத்திலேயே நிறம் மாறிவிடும்.

"ஐயா, இந்த வெளிச்சத்துல நிறம் வராது" என்று சொன்னேன். ஒரு சேலையை வெளித் திண்ணைக்கு எடுத்துப்போய், நிழலில் வைத்து, என் கேமராவில் ஒரு படம் எடுத்துக் காட்டினேன். அவர் கேமராவின் பின்பக்கத் திரையையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை. பிறகு கேட்டார்: "என்கிட்ட இப்படி அறுவது உருப்படி இருக்கு. எவ்வளவு கேப்ப?"

இரண்டு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. வாய் வரவில்லை. "உங்க இஷ்டம்ங்க ஐயா" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "என் இஷ்டம்னா இந்த வேலை வேண்டாம்மா. விலை சொல்லத் தெரியாதவங்ககிட்ட நான் இதுவரைக்கும் சரக்கு எடுத்ததில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தொழிலைச் சொல்லிக் கொடுக்கிற குரல். அம்மா என் கையைப் பிடித்தார். பெரியவரே மேலே பேசினார். "சரி, சொல்லு. ஒரு சேலைக்கு எத்தனை நிமிசம்?" விரித்து, மடிப்பு எடுத்து, மூன்று படம் எடுக்கப் பத்து நிமிடம் என்றேன். "அப்ப அறுவதுக்குப் பத்து மணி நேரம். வெயில் ஏறினா எடுக்க முடியுமா?" முடியாது, காலையில் ஏழிலிருந்து ஒன்பதரை வரைதான் என்றேன். "அப்ப நாலு காலை. எடுத்ததுக்கு அப்புறம் கம்ப்யூட்டர்ல வேலை இருக்குமா?" இரண்டு நாள். "சாமான் எதுவும் வாடகைக்கு எடுக்கணுமா?" டிரைப்பாடு, ஒரு நாளைக்கு 150 ரூபாய். எல்லாவற்றையும் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினார். "சேலைக்கு 75 ரூவா போடுவோம். 4,500. உனக்குக் கட்டுமா?"

கட்டும் என்றேன். உடனே ஒத்துக்கொள்ளாமல் ஒரு ராத்திரி யோசித்துச் சொல்லச் சொன்னார். மறுநாள் போய்ச் சொன்ன பிறகுதான் பில் புத்தகத்தை எடுத்தார். கார்பன் தாள் வைத்து, துணி வாங்குகிறவருக்கு எழுதுவது மாதிரியே எழுதினார். சுங்குடிச் சேலை 60. ஒன்றுக்கு மூன்று படம், முழுச் சேலை, முந்தி, முடிச்சு கிட்டத்தில். நிறம் சேலையோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்றுக்கு ரூ. 75. மொத்தம் ரூ. 4,500. முன்பணம் ரூ. 1,500 கொடுத்தது. பாக்கி, படம் கொடுக்கும் அன்று. அவர் கையெழுத்து, என் கையெழுத்து. மேல் தாள் எனக்கு, கார்பன் பிரதி அவருக்கு. எட்டு வரி இருக்கும். இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் எனக்கு அனுப்பும் பதினான்கு பக்க ஒப்பந்தங்களில்கூட அந்த எட்டு வரியில் இருந்தது எல்லாம் இருப்பதில்லை.

வேலை அவர் வீட்டு மொட்டை மாடியில். மஹால் பக்கத்துச் சந்து, மாடியிலிருந்து பார்த்தால் திருமலை நாயக்கர் மஹாலின் கூரை தெரியும். அவரும் மனைவியும் தங்களுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டே சேலைகளை எண்ணி எடுத்துக் கொடுப்பார்கள். சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அந்த அம்மாதான் எனக்குச் சொன்னார். கைமுடிச்சு போட்ட சேலைக்கும் அச்சடித்த சேலைக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்றும் அவரே காட்டினார். துணியை நுனியில் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள். நூல் இருந்த இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. அவிழ்த்த இடத்தில் துணி குட்டிக் கூம்பாக எழும்பி நிற்கும். துவைத்து இஸ்திரி போடும்வரை அது அடங்காது. "இந்த மேடு தெரியணும். அதுதான் கையால கட்டினதுக்குச் சாட்சி" என்றார்.

எதிரே நின்று பிளாஷ் அடித்தால் அந்த மேடு அமுங்கிப்போய்ப் புள்ளி மட்டும் தெரியும். அச்சுச் சேலை மாதிரியே இருக்கும். வெளிச்சம் பக்கத்திலிருந்து, துணியைத் தடவிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு சின்ன நிழல் விழும். ஏழரை மணி வெயில் அதற்குச் சரியான சாய்வு, ஆனால் நிழல் கொஞ்சம் கூர்மையாக இருந்தது. பெரியவரின் எட்டு முழ வேட்டியைக் கொடியில் கட்டி வெயிலை வடிகட்டினேன். ஆடிக் காற்று வேட்டியைப் பாய்மரம் மாதிரித் தூக்கியது. அந்த அம்மா இரண்டு பக்கமும் அம்மிக் குழவியையும் அரிசி வாளியையும் கட்டித் தொங்கவிட்டார். 50 எம்எம் லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப் 8, எல்லாச் சேலைக்கும் முதல் படத்தில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு சாம்பல் அட்டை. முடிச்சைக் கிட்டத்தில் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். நான் எடுத்த படத்தில் முதல் தடவையாக, யாரோ ஒரு பெண் நகத்தால் கிள்ளிக் கட்டிய இடம் தெரிந்தது.

நாலு காலை முடிந்தது. கம்ப்யூட்டர் வேலை முடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பெரியவர் ஒவ்வொரு சேலையையும் எடுத்து மடிக்கணினிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஏழு சேலையில் நின்றுவிட்டார். "இது கத்திரிப்பூ கலரும்மா. நீ நீலம் காட்டுற." உண்மைதான். ஊதா நிறம் கேமராவில் தடுமாறும் என்பது அப்போது எனக்குத் தெரியாது, என் மடிக்கணினித் திரையும் நீலம் அடிக்கிற திரை. தாளில் "நிறம் சேலையோடு ஒத்துப்போக வேண்டும்" என்று எழுதியிருந்தது. ஐந்தாவது காலை போய் ஏழையும் திரும்ப எடுத்தேன். அதற்குக் காசு கேட்கவில்லை, கேட்கக் கூடாது. அந்த ஆண்டு விழாப் படங்களை மூன்று தடவை திருத்தினேனே, அப்போது இருந்த அவமானம் இந்த ஐந்தாவது காலையில் எனக்கு இல்லை. என் வேலையில் குறை எது, அவர்கள் ஆசை எது என்று பிரித்துக் காட்ட இங்கே ஒரு தாள் இருந்தது.

பென்டிரைவைக் கொடுத்ததும் பாக்கி 3,000 ரூபாயை மேஜையில் வைத்தார். நான் அப்படியே எடுத்துப் பைக்குள் வைக்கப் போனேன். "எண்ணிப் பாத்து வாங்கும்மா" என்றார். எண்ணினேன். அன்றைக்கு ராத்திரி அம்மா அதில் ஒரு நூறு ரூபாயை எடுத்து மீனாட்சி படத்துக்கு முன்னால் வைத்தார். மறுநாள் நான் இன்னொரு மெமரி கார்டு வாங்கினேன்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

நீங்கள் அந்தப் பெரியவரைவிடப் பெரிய இடத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் கணக்குப் பிரிவு இருக்கிறது, லெட்டர்ஹெட் இருக்கிறது, மேடைப் பூவுக்கும் சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் தனித்தனியாகத் தொகை ஒதுக்கியிருக்கிறீர்கள். பந்தல்காரர் முன்பணம் வாங்காமல் கம்பு ஊன்ற மாட்டார். மைக்செட்காரரிடம் "இந்தத் தடவை சும்மா கட்டுங்க, உங்க பேரை மேடையில சொல்றோம்" என்று யாரும் கேட்பதில்லை. படம் எடுக்க வரும் பிள்ளையிடம் மட்டும் அதைக் கேட்க உங்களால் முடிகிறது. அந்தப் பிள்ளைக்கு இந்த வேலை பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் கேட்கிறீர்கள். பிடித்த வேலைக்கும் பஸ் டிக்கெட் உண்டு.

"பட்ஜெட் இல்லை" என்பது நம் ஊரில் பழைய வாக்கியம். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை மதராஸ் அரசாங்கம் புகைப்படம் எடுப்பதற்கென்றே வேலைக்கு வைத்திருந்தது. 1858இல் அவர் மதுரைக்கு வந்து மீனாட்சி கோயிலையும் தெப்பக்குளத்தையும், நான் சேலை எடுத்த மாடியிலிருந்து தெரிந்த அதே மஹாலையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து நீள ஒட்டி வைத்தார். 1859இல் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்ததும், இது அரசாங்கத்தின் பண நிலைமைக்குத் தகாத ஆடம்பரம் என்று அந்த வேலையை நிறுத்திவிட்டார். அன்றைய மதுரை எப்படி இருந்தது என்று இன்று யார் எழுதினாலும் டிரைப்பின் படங்களைத்தான் தேடிப் போகிறார்கள். டிரெவெல்யன் மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

ஒரு நாள் வேலை என்று நீங்கள் நினைப்பது ஒரு நாள் வேலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முந்தின நாள் பேட்டரி எல்லாம் சார்ஜ் போட்டு, லென்ஸ் துடைத்து, கார்டுகளைக் காலி பண்ணி வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கார்டு போடும் கேமரா. அந்தக் கார்டு கெட்டால் உங்கள் விழாவே போச்சு, அதனால் நாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன்னால் இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்ற வேண்டும். அப்புறம் ஆயிரம் படத்தில் நூறைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக நிறம் சரிசெய்து அனுப்ப வேண்டும். மூன்று நாளாவது ஆகும். விலை பேசும்போது அந்த மூன்று நாளையும் சேர்த்துப் பேசுங்கள். பேசத் தெரியாமல் "உங்க இஷ்டம்" என்று அந்தப் பிள்ளை சொன்னால், குறைந்த தொகையில் முடிந்தது என்று சந்தோஷப்படாமல், பெரியவர் கேட்ட மாதிரி எத்தனை மணி நேரம், என்ன வாடகை என்று நீங்களே கேளுங்கள்.

தொகை சின்னதாக இருக்கட்டும். புதுக் கைக்குப் பத்து வருட அனுபவக்காரரின் கூலியைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அது தொகையாக இருக்க வேண்டும், முன்கூட்டியே சொன்னதாக இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கே உதவும். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, நீங்கள் சொல்லி, உங்களிடம் பணம் வாங்கி எடுத்த படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் நீங்கள்தான் முதல் உரிமையாளர். பணம் கொடுக்காமல் வெளியாள் ஒருவரிடம் வாங்கிய படத்துக்கு உரிமை எடுத்தவரிடமே இருக்கிறது. அதை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை உங்களுக்கு மாறும். சும்மா வாங்கிய படத்தைக் காலண்டரிலும் பிளக்ஸிலும் போடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. உரிமை யாரிடம் போனாலும், இது நான் எடுத்த படம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆவது பிரிவின்படி எடுத்தவருக்கு உண்டு. அதனால் பெயர் போடுவதைக் கூலிக்குப் பதிலாகக் கொடுக்கிற சலுகையாகச் சொல்லாதீர்கள். அது ஏற்கெனவே அந்தப் பிள்ளையுடையது.

பணத்தை எப்போது கொடுப்பது என்பதற்கும் சட்டம் உண்டு. தனி ஆளாகப் படம் எடுப்பவரும் அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் கொடுத்து, செலவில்லாமல் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். பதிந்தவருக்கு 2006ஆம் வருடத்துச் சிறு குறு தொழில் சட்டப்படி, எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. "அக்கவுண்ட்ஸ்ல போட்டிருக்கோம், அடுத்த மாசம் வரும்" என்று ஆறு மாதம் அலையவிட்ட அனுபவம் இல்லாத ஒரு போட்டோகிராபரை நான் இன்னும் பார்க்கவில்லை. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடித்தால் எத்தனை சதவீதம் பிடிக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓரிடத்தில் ஒரு சதவீதம் பிடிக்கிறார்கள், இன்னோரிடத்தில் பத்து. கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வாங்கலாம் என்பது இருபது வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. கையில் குறைவாக வந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைக்கும்.

கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. புகைப்படப் போட்டி நடத்துகிறீர்கள், நல்லது. விதிமுறையின் கடைசி வரியில், வந்து சேரும் எல்லாப் படங்களின் உரிமையும் அமைப்பாளருக்கே என்று போடுகிறீர்கள். ஜெயித்த மூன்று படத்துக்குப் பரிசு கொடுக்கிறீர்கள். மீதி முன்னூறு படத்தை எதற்காக எடுத்துக்கொள்கிறீர்கள்? அந்த வரியை நீக்குங்கள். உங்கள் விழாவை உங்கள் மாணவரே எடுத்தால், வெளியாளுக்குக் கொடுப்பதில் பாதியாவது அவருக்குக் கொடுங்கள். அவர் பயோடேட்டாவில் எழுதப்போகும் முதல் வரி அதுதான்.

கல்யாண ஸ்டூடியோக்காரர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, அதற்குத் தனி மடல் வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும். இரண்டாவது கேமராவுக்கு வரும் பையனை, தொழில் கத்துக்கிறான் என்று சொல்லி மூன்று முகூர்த்தம் சும்மா நிறுத்தினீர்கள் என்றால், நாலாவது முகூர்த்தத்தில் இருந்தாவது பேட்டாவும் கூலியும் தனித்தனியாகப் பேசுங்கள். முதல் பந்தியிலேயே அவனைச் சாப்பிட அனுப்புங்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வந்தவன் அவன்.

நான் இன்றைக்கு விலை சொல்கிறேன். சொல்லும்போது தொண்டை அடைப்பதில்லை. ஏன் அந்த விலை என்று கேட்டால் கணக்குப் போட்டுக் காட்டவும் தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒருவர் கூட்டிக் காட்டியதைத்தான் இன்னும் செய்துகொண்டிருக்கிறேன். அவருக்கு என் படம் பிடித்திருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது, அவர் சொன்னதில்லை. திரும்பி வரும் கட்டு குறைந்தது என்று மட்டும் சொன்னார். தீபாவளிச் சரக்குக்கு மறுபடியும் கூப்பிட்டார். அப்போது சேலைக்கு 90 ரூபாய் கேட்டேன். 85க்கு முடித்தோம்.

அந்த விஸ்காம் பெண்ணை உட்கார வைத்து, நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நிகழ்ச்சி, இரண்டு நாள் கம்ப்யூட்டர் வேலை, லென்ஸ் வாடகை, ஆட்டோ. கூட்டிப் பார்த்தபோது அந்தத் தொகை மேடைப் பூ அலங்காரத்துக்கு ஆவதைவிடக் குறைவாக இருந்தது. அதை ஒரு செய்தியாக அவளே எழுதினாள். இத்தனை படம் தருவேன், இந்தத் தேதிக்குள் தருவேன், இவ்வளவு தொகை, மூன்றில் ஒரு பங்கு முன்பணம், படத்துக்குக் கீழே என் பெயர். மூன்று தடவை அழித்து எழுதினாள். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன்.

நிகழ்ச்சி வருகிற சனிக்கிழமை. அந்தக் கம்பெனிக்காரர்களே, நீங்களும் இதைப் படிக்கலாம். நீங்கள் யார் என்று நான் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. அவள் செய்தி உங்கள் போனில் இருக்கிறது. திறந்து பார்த்துவிட்டீர்கள் என்று இரண்டு நீல டிக் காட்டுகிறது. அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு புகைப்படக்காரி